சென்டினல்-1 ரேடார் படங்கள்: கடலில் எண்ணெய் தேடுகிறவனின் மதிப்புரை

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்க்கப் போகிறேன். ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் திட்டம் சென்டினல்-1 செயற்கைக்கோள்களின் ரேடார் படங்களை யார் கேட்டாலும் காசு வாங்காமல் கொடுக்கிறது. மின்னஞ்சல் முகவரி ஒன்று இருந்தால் கணக்குத் தொடங்கிவிடலாம். கடலில் கசியும் எண்ணெயைத் தேட இந்தப் படங்களையே நம்பி உட்காருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்து உட்காருகிறவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல இலவச விடை கிடையாது. எவ்வளவு எண்ணெய், யார் கொட்டியது என்ற கேள்விகளுக்கு இந்தப் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அடித்துச் சொல்கிறவர் கிடைத்தால், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

நான் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் வேலை பார்த்தவன். இப்போது கரையில் உட்கார்ந்து, கடல் மாசு வழக்குகளுக்காக இந்தப் படங்களைப் படித்துச் சொல்கிறேன். பழைய வேலை புதிய வேலைக்கு நன்றாகவே உதவுகிறது. இயந்திர அறையின் அடியில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து தேங்கும் பில்ஜ் கழிவை அப்படியே கடலில் விடக் கூடாது. பிரிப்பானில் செலுத்தி, பத்து லட்சம் பங்கில் எண்ணெய் 15 பங்குக்கு மேல் போகாமல்தான் விட வேண்டும் என்பது, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட மார்போல் ஒப்பந்தத்தின் விதி. பிரிப்பானைச் சுற்றிக்கொண்டு கழிவை நேராகக் கடலுக்கு அனுப்பும் திருட்டுக் குழாய்க்குக் கப்பல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் மேஜிக் பைப். விதிப்படி விட்ட தண்ணீர் பொதுவாகக் கடலில் தடம் எதையும் விடாது. மேஜிக் பைப் விட்டது பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கோடாகக் கிடக்கும். அந்தக் கோட்டைத்தான் நான் தேடுகிறேன். செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வரும் பெரிய விபத்துகளைத் தேட வேண்டியதில்லை. அவை தாமாகவே தெரிந்துவிடும்.

ரேடார் எண்ணெயைப் பார்ப்பதில்லை. இது மனத்தில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சென்டினல்-1 சுமார் 693 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலைகளைக் கடல்மீது சாய்வாக அனுப்புகிறது. நீர்ப்பரப்பு அசைவில்லாமல் இருந்தால் அவை அப்பால் தெறித்துப் போய்விடும். செயற்கைக்கோளுக்கு எதுவும் திரும்பாது. காற்று எழுப்பும் சிற்றலைகள்தான், அதிலும் ஐந்து சென்டிமீட்டர் அளவில் உள்ளவை, அனுப்பியதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் அலைகள் அவை. எண்ணெய்ப் படலம் அவற்றை அமுக்கிவிடுகிறது. அதனால் அந்த இடம் படத்தில் கறுப்பாக விழுகிறது. நாம் பார்ப்பது எண்ணெயை அல்ல. அங்கே இருந்திருக்க வேண்டிய சிற்றலைகள் இல்லாமல் போனதை.

இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறக்கின்றன. இருட்டு ஒரு பொருட்டில்லை, மேகம் ஒரு பொருட்டில்லை. சாதாரண ஒளிப்படச் செயற்கைக்கோள் மேகத்துக்கு மேலே கையைப் பிசைந்துகொண்டிருக்கும் நாளில் ரேடார் தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். ஆனால் காற்றைக் கேட்டுத்தான் அதற்கு வாழ்வு. காற்று நொடிக்கு இரண்டு, மூன்று மீட்டருக்குக் கீழே இறங்கினால் கடல் முழுவதுமே கறுப்பாகிவிடும். எண்ணெய் எது, அமைதியான நீர் எது என்று பிரிக்க வழியில்லை. பத்து, பன்னிரண்டு மீட்டரைத் தாண்டினால் அலைகள் படலத்தைக் கலக்கி நீருக்குள் இழுத்துக்கொள்ளும். இருக்கிற எண்ணெயும் மறைந்துவிடும். ஆகவே படத்தைத் திறப்பதற்கு முன் நான் திறப்பது அந்த நேரத்தின் காற்றுத் தரவை. காற்றைப் பார்க்காமல் படத்தைப் பார்ப்பது வீண் வேலை.

காற்று சரியாக இருந்தாலும் கறுப்பெல்லாம் எண்ணெய் இல்லை. தீவுக்குப் பின்னால் காற்று மறையும் பகுதி கறுப்பாக இருக்கும். மிதவை உயிரிகளும் மீன்களும் விடும் இயற்கைக் கொழுப்பு ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் பரவினாலே போதும், சிற்றலைகள் அடங்கிவிடும். மழைக்கூட்டம், கடலுக்குள் ஓடும் உள்ளலைகள், குளிர்ந்த நீர் மேலெழும் இடங்கள், துருவப் பகுதிகளில் உறையத் தொடங்கும் பனிக்கூழ், இவை எல்லாமே கறுப்பு விடும். கடலடியிலிருந்து இயற்கையாகக் கசியும் எண்ணெயும் உண்டு. அது எண்ணெய்தான், ஆனால் குற்றவாளி இல்லாத எண்ணெய்.

உண்மையான கோடு எப்படி இருக்கும் என்று ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். கப்பல் போக்குவரத்து மிகுந்த ஒரு பாதை. படங்களை இணையத்திலேயே திறந்து பார்க்க உதவும் கோப்பர்நிகஸ் உலாவியில் விவி துருவமுனைப்பை, அதாவது அலையைச் செங்குத்தாக அனுப்பிச் செங்குத்தாகவே வாங்கும் முறையைத் தேர்ந்தெடுத்து, குறிகையின் வலுவைச் சொல்லும் டெசிபல் அளவுகோலில் பார்க்கிறேன். சாம்பல் நிறக் கடலின் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. ஒரு முனை மெல்லியது, அழுத்தமான கறுப்பு. மறுமுனைக்குப் போகப்போக அகன்று வெளுக்கிறது. மெல்லிய முனைதான் புதியது. அகன்ற முனை பழையது. காற்றும் நீரோட்டமும் அதற்குள் அதைப் பரப்பிவிட்டன. கோட்டின் ஓர் ஓரம் கத்தரித்ததுபோல் இருக்கிறது, மறு ஓரம் பிசிறடித்திருக்கிறது. குறுக்கே வீசும் காற்று செய்யும் வேலை இது. இயற்கைக் கொழுப்புப் படலம் நீரோட்டத்தின் போக்கில் சுருண்டும் வளைந்தும் கிடக்கும். இவ்வளவு நேராக அது ஒருபோதும் நடந்துகொள்வதில்லை. நடுவில் ஓரிடத்தில் கோடு லேசாகத் திரும்புகிறது. அங்கே கப்பல் திசை மாற்றியிருக்கிறது.

மெல்லிய முனைக்கு அருகே வெள்ளைப் புள்ளி ஒன்று. அதுதான் கப்பல். ஆனால் அது கோட்டின் நுனியில் இல்லை. சில நூறு மீட்டர் பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது. புதிதாகப் பார்க்கிறவர்கள் இதைக் கண்டு, கோடு ஒரு கப்பலுடையது, புள்ளி வேறொரு கப்பல் என்று முடிவுகட்டிவிடுவார்கள். நகரும் பொருளை ரேடார் படம் அதன் உண்மையான இடத்தில் வைப்பதில்லை. டாப்ளர் விளைவால், ரேடாரை நோக்கியோ விலகியோ ஓடும் கப்பல், செயற்கைக்கோள் பறக்கும் திசையில் முன்னோ பின்னோ இடம்பெயர்ந்து தெரியும். எண்ணெய் தன் இடத்தில் கிடக்கிறது, கப்பல் மட்டும் தள்ளிப் போகிறது. எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதிலிருந்து கப்பலின் வேகத்தைக்கூட ஓரளவு கணக்கிடலாம். மணிக்கு 12 கடல்மைல் வேகத்தில் போகும் கப்பல் 30 கிலோமீட்டர் கோட்டைப் போட ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. இயந்திர அறையில் நின்றவனுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தில் பம்பு எப்படி ஓடியிருக்கும் என்பதும் தெரியும்.

உலாவியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நாளைத் தேர்ந்தெடுக்கலாம், பரப்பை அளக்கலாம், அடுத்தடுத்த படங்களைக் கோத்து ஓடவிடலாம். கோப்பைப் பதிவிறக்காமலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். செங்குத்தாக அனுப்பிக் கிடைமட்டமாக வாங்கும் விஎச் என்ற மற்றத் துருவமுனைப்பில் எண்ணெயைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். கடலிலிருந்து அதில் வரும் குறிகை கருவியின் சொந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. படத்துண்டுகள் ஒட்டப்பட்ட தையல்கள்தான் பளிச்சென்று தெரியும். கப்பலைக் கண்டுபிடிக்க விஎச் நல்லது, எண்ணெய்க்கு விவிதான்.

அடுத்தது ஸ்னாப். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் தரும் இலவச மென்பொருள். இதற்குள் எண்ணெய்க் கசிவைக் கண்டறிய என்றே ஒரு வசதி இருக்கிறது. அளவீட்டைத் திருத்தி, புள்ளி இரைச்சலைக் குறைத்து, நிலத்தை மறைத்துவிட்டு, ஒவ்வோர் இடத்தையும் அதைச் சுற்றியுள்ள கடலோடு ஒப்பிடுகிறது. சுற்றுப்புறத்தைவிடக் குறிப்பிட்ட டெசிபல் குறைவாக இருந்தால் அடையாளம் போடுகிறது. தானாக அமைந்திருக்கும் வேறுபாடு 2 டெசிபல். சின்னச் சின்னத் திட்டுகளைக் கழித்துவிட, குறைந்தபட்சப் பரப்பு 0.1 சதுர கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். கோப்பு ஒவ்வொன்றும் சுமார் ஒரு ஜிபி. சிறிய நினைவகம் உள்ள கணினியில் முழுப் படத்தையும் போட்டால் எழுந்து போய் வேறு வேலை பார்த்துவிட்டு வரலாம். தேவையான பகுதியை மட்டும் முதலில் வெட்டிக்கொள்வது நல்லது.

இந்த வசதிக்கு ஒரு தீவையும் மெல்லிய காற்றையும் கொடுத்துப் பாருங்கள். தீவின் நிழல் முழுவதையும் எண்ணெய் என்று சிவப்படித்துக் கொடுக்கும். அதன்மீது தவறில்லை, கறுப்பைத் தேடச் சொன்னோம், தேடிக் கொடுத்தது. நான் இதைப் பயன்படுத்தும் முறை தலைகீழானது. எது எண்ணெய் என்று கண்ணால் முடிவுசெய்த பிறகு, அதன் எல்லையை வரைய ஸ்னாப்பைக் கூப்பிடுவேன். எல்லையைக் கையால் வரைந்தால் இருவர் வரைவது ஒன்றுபோல் இருக்காது, வழக்கில் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அளவுகோலைச் சொல்லிவிட்டு மென்பொருளை வரையவிட்டால் அந்த வாதத்துக்கு இடமில்லை.

பெரிய குறை, செயற்கைக்கோள் எப்போது வரும் என்பது. சென்டினல்-1ஏ 2014-இல் ஏவப்பட்டது, 1பி 2016-இல். இரண்டும் சேர்ந்து 6 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் வந்தன. 2021 டிசம்பரில் 1பி-யின் மின்வழங்கல் பழுதானது, திரும்ப உயிர்பெறவில்லை. அதன் பிறகு ஒற்றைச் செயற்கைக்கோள், 12 நாள் சுற்று. பக்கத்துப் பாதைகள் மேற்படிவதால் பல கடல்களில் இடைவெளி இதைவிடக் குறைவுதான் என்றாலும், கப்பல் விட்ட மெல்லிய படலத்துக்கு ஆயுள் சில மணி நேரம், போனால் ஓரிரு நாள். 2024 டிசம்பரில் 1சி-யும் 2025 நவம்பரில் 1டி-யும் மேலே போன பிறகுதான் நிலைமை சீரடைந்தது. இந்த இடைவெளியை மனத்தில் வைக்காமல், 2022, 2023 ஆண்டுகளில் எண்ணெய்க் கோடுகள் குறைந்துவிட்டன என்று யாராவது வரைபடம் காட்டினால், கடல் சுத்தமாகவில்லை, கண் ஒன்று குறைந்தது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. நடுக்கடலில் இந்தச் சேவை கிட்டத்தட்ட இல்லை. 250 கிலோமீட்டர் அகலத்துக்குப் படமெடுக்கும் வழக்கமான முறை கரையோரங்களிலும் குறிப்பிட்ட கடல்களிலும்தான் ஓடுகிறது. திறந்த பெருங்கடலில் அலைகளை ஆராய்வதற்காக 20 கிலோமீட்டர் சதுரத் துண்டுகளை 100 கிலோமீட்டருக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போகும். அங்கே கொட்டுகிறவனைப் பிடிக்க அது போதாது. படமெடுக்கும் திட்டமோ முன்கூட்டியே வெளிப்படையாக வெளியிடப்படுகிறது. அறிவியலுக்கு நல்லது. மேஜிக் பைப் வைத்திருக்கிறவனுக்கும் நல்லது.

ஆனாலும் நேரம் ஒரு வகையில் நம் பக்கம். இந்தச் செயற்கைக்கோள்கள் வெப்ப, மிதவெப்ப மண்டலங்களில் உள்ளூர் நேரப்படி காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் கடக்கின்றன. கண்காணிப்பு விமானத்துக்குப் பயந்து இருட்டில் கொட்டுவதுதான் பழைய வழக்கம். இரவில் கொட்டியது விடியற்காலையில் இன்னும் கலையாமல் கிடக்கும். காலைப் படத்தில்தான் எனக்கு நல்ல கோடுகள் கிடைக்கின்றன.

எவ்வளவு எண்ணெய் என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அறிக்கைகளில் அதிகம் பொய் கலப்பது இங்கேதான். ரேடார் பரப்பைத் தரும், தடிமனைத் தராது. தடிமனைக் கண்ணால் மதிப்பிட வடகடல் நாடுகளின் பான் உடன்படிக்கை ஒரு நிற அட்டவணை வைத்திருக்கிறது: வெள்ளி மினுமினுப்பு என்றால் 0.04 முதல் 0.3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), வானவில் நிறம் 5 மைக்ரான் வரை, உலோகப் பளபளப்பு 5 முதல் 50, எண்ணெயின் சொந்த நிறம் தெரிந்தால் அதற்கும் மேல். நான் சொன்ன 30 கிலோமீட்டர் கோடு சராசரியாக 200 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் 6 சதுர கிலோமீட்டர். அது வெறும் மினுமினுப்பாக இருந்தால் 240 முதல் 1,800 லிட்டர். உலோகப் பளபளப்பாக இருந்தால் 30,000 முதல் 3,00,000 லிட்டர். இரண்டுமே ரேடாரில் அதே கறுப்புத்தான். ஒரே படத்தை வைத்து ஒருவர் சில வாளிகள் என்றும் மற்றவர் பெரும் பேரழிவு என்றும் எழுதலாம், எழுதவும் செய்கிறார்கள்.

இதைத் தீர்க்க விமானம் பறந்தாக வேண்டும். பக்கவாட்டு ரேடார் தூரத்திலிருந்து காட்டும், புறஊதாக் கருவி மெல்லிய ஓரங்களைக் காட்டும், அகச்சிவப்புக் கருவி தடித்த பகுதியை மட்டும் பிரித்துக் காட்டும். பகலில் தடித்த எண்ணெய் வெயிலை வாங்கிச் சுற்று நீரைவிடச் சூடாகத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது லேசர் ஒளிர்வுக் கருவி. புறஊதா லேசரை அடித்து, திரும்பி வரும் ஒளியின் நிறத்தைப் பார்க்கிறது. எண்ணெய் ஒரு விதமாக ஒளிரும், பாசியின் பச்சையம் வேறு விதமாக ஒளிரும். இது எண்ணெய்தானா என்ற கேள்விக்கு மேலிருந்தபடியே நேர்ப்பதில் சொல்லக்கூடிய கருவி அது. விலையையும் எடையையும் பார்த்தால் எல்லோராலும் வைத்துக்கொள்ள முடியாது.

இலவசத்தில் துணைக்கு வைத்துக்கொள்ளத்தக்கது சென்டினல்-2 ஒளிப்படம். 10 மீட்டர் நுணுக்கம். சூரியன் நீரில் பளிச்சிடும் கோணத்தில் அமைந்துவிட்டால் எண்ணெய் அழகாகத் தெரியும். கோணம் மாறினால் அதே எண்ணெய் கறுப்பிலிருந்து வெளுப்புக்கு மாறிக் குழப்பும்.

பெரிய விபத்துகளில் ரேடாரின் வேலை கண்டுபிடிப்பது அல்ல, பின்தொடர்வது. 2018 அக்டோபர் 7 அன்று கோர்சிகா தீவுக்கு வடக்கே நங்கூரமிட்டிருந்த சிஎஸ்எல் வர்ஜீனியா என்ற கப்பல்மீது உலிஸ் என்ற கப்பல் மோதியது. மறுநாளே சென்டினல்-1 அந்தப் படலத்தைப் பிடித்துவிட்டது. அடுத்தடுத்த படங்களில் அது நீண்டுகொண்டே போனதைப் பார்க்கலாம். உலாவியில் அந்த நாள்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பழகுவதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் அரிது. மெக்சிகோ வளைகுடாவில் 2004-இல் ஐவன் சூறாவளி சாய்த்த டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் எண்ணெய் மேடையின் கசிவு இன்னொரு வகை. ஆண்டுக்கணக்கில் கசிந்தது, 2019-இல்தான் அதைப் பிடித்துச் சேகரிக்க ஏற்பாடு வந்தது. கசிவு தொடர்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஊருக்குச் சொன்னவர்களில் முக்கியமானது ஸ்கைட்ரூத் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு.

அதே ஸ்கைட்ரூத் நடத்தும் செருலியன் என்ற இலவசத் தளத்தையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். சென்டினல்-1 படங்களைக் கணினியே படித்து, எண்ணெய்த் தடங்களைக் குறித்து, கப்பல்கள் ஒலிபரப்பும் ஏஐஎஸ் இருப்பிடத் தகவலோடு ஒப்பிட்டு, அருகில் இருந்த கப்பல்களையும் எண்ணெய் மேடைகளையும் பட்டியலிடுகிறது. சாத்தியமுள்ள மூலம் என்றுதான் சொல்கிறது, குற்றவாளி என்று சொல்வதில்லை. இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஏஐஎஸ் கருவியை அணைத்துவிட்டுப் போகும் கப்பலுக்குப் பெயர் கிடைக்காது. ஆனால் ரேடாரில் புள்ளி இருந்து ஏஐஎஸ்ஸில் கப்பல் இல்லாமல் போவதே ஒரு தகவல்தான். முதலில் செருலியனில் வலை வீசிவிட்டு, சந்தேகமானதை உலாவியில் கண்ணால் சரிபார்ப்பது இப்போது என் வழக்கம்.

இத்தனை குறைகளோடும் இந்தப் படங்கள் என்ன சாதித்திருக்கின்றன என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டு போதும். 2014 முதல் 2019 வரையிலான 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சென்டினல்-1 படங்களைப் படித்து 2022-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கடல்மேல் கிடக்கும் எண்ணெய்ப் படலப் பரப்பில் சுமார் 94 விழுக்காடு மனிதர்களால் வந்தது என்றது அது. இயற்கைக் கசிவும் மனிதக் கழிவும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி என்ற பழைய எண்ணம் அதோடு போனது.

கடைசியாக, காசு கொடுத்து வாங்கிய ஒன்றைப் பற்றி. பெயர் வேண்டாம். எண்ணெய்க் கசிவு எச்சரிக்கை தருவதாகச் சொல்லும் ஒரு தனியார் சேவைக்குச் சந்தா கட்டியிருக்கிறேன். அடித்தளம் இதே சென்டினல்-1 படங்கள்தான். ஐரோப்பியக் கடல்சார் பாதுகாப்பு முகமை 2007-இலிருந்து நடத்தும் கிளீன்சீநெட் சேவையில் பயிற்சி பெற்றவர்கள் படத்தைப் பார்த்து, நம்பிக்கை கூடியது, குறைந்தது என்று ஏ, பி வகை பிரித்து, செயற்கைக்கோள் கடந்த அரை மணி நேரத்துக்குள் உறுப்பு நாடுகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். விமானமோ படகோ போய்ப் பார்க்க நேரம் இருக்கிறது. அந்தத் தரத்தைத் தனியாரிடம் எதிர்பார்த்தது அநியாயமாகவே இருக்கட்டும். என் எச்சரிக்கைகள் மறுநாள் வருகின்றன. சிவப்புச் சதுரம், ஒரு கப்பல் பெயர், பக்கத்தில் ஒரு நம்பிக்கை விழுக்காடு. காற்றின் வேகம் இல்லை, மூலப்படத்தின் அடையாள எண் இல்லை, கப்பலின் புள்ளி இடம்பெயர்ந்திருப்பதைத் திருத்தினார்களா என்ற குறிப்பும் இல்லை. காற்றுத் தரவு வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். அதே அறிக்கையை இன்னும் பெரிய எழுத்தில் அனுப்பினார்கள். சந்தா முடியும்வரை சதுரங்கள் வந்துகொண்டிருக்கும். வருகிற ஒவ்வொன்றையும் இலவச உலாவியில் திறந்து, காற்றை நானே பார்த்துக்கொள்கிறேன். புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதத்துக்கு இந்த மதிப்புரையையே பதிலாக அனுப்புவதாக இருக்கிறேன்.